காய்ச்சல் விட்ட மறுநாள்

அந்த வெள்ளிக்கிழமை நடந்தவை, நேர வரிசையில்:

1. காலை 8.10: நான்காம் வகுப்பு தன்யாவை அவள் அம்மா ரேவதி பள்ளியின் சிக் ரூமுக்குக் கூட்டி வந்தார். மூன்று நாள் காய்ச்சல் விடுப்பு முடிந்து அன்றுதான் வருகிறாள்.
2. 8.14: வெப்பநிலை 98.0. வகுப்புக்குப் போகலாம் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
3. 8.20: ரேவதி மறைமலை நகருக்குக் கம்பெனி பஸ் ஏறினார்.
4. 10.20: வயிற்றுவலி என்று தன்யாவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வெப்பநிலை 97.4.
5. 10.31: ரத்த அழுத்தம் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன்.
6. 10.36: அம்மாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.
7. 10.40: அப்பா எடுத்தார். காத்திருக்கச் சொன்னார்.
8. 10.44: பெற்றோர் இல்லாமல் குழந்தையை வாசலுக்கு வெளியே அனுப்ப முடியாது என்று துணை முதல்வர் சொன்னார்.

இந்த எட்டில் இரண்டாவது என் தவறு. மற்ற ஏழும் அவரவர் அளவில் சரியாகவே நடந்தன. அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

இரும்புலியூர் பக்கம் ஒரு பள்ளியில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தேன். இந்த மே மாதத்தோடு விலகினேன். வயது முப்பத்தாறு. வழியனுப்பு விழாவுக்கு பேனர் அடித்த கடைக்காரர் கையிலிருந்த பழைய மாதிரியையே எடுத்து, “தங்கள் ஓய்வுக்காலம் இனிதே அமைய வாழ்த்துகிறோம்” என்று போட்டு, கீழே என் படத்தை ஒட்டிவிட்டார். “எங்களுக்கெல்லாம் அம்பத்தெட்டு, உங்களுக்கு மட்டும் சலுகையா சிஸ்டர்?” என்று பி.டி. சார் கேட்டார். சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கு ஒரு ஆப் வந்தது. விடுப்பு முடிந்து வரும் குழந்தையின் பெற்றோர், “கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இல்லை” என்ற வரியைத் தொட்டால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் குழந்தை நேராக வகுப்புக்குப் போகலாம். என் இடத்துக்கு வந்திருக்கும் ஹேமா முதல் வாரமே போன் செய்தாள்.

“அக்கா, பச்சை வந்தா நான் பார்க்கவே வேணாமாம். காலைல கூட்டமே இல்ல. நல்லதுதானே?”

“எழுதி அனுப்பறேன்” என்றேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடம் பி.எஸ்ஸி. நர்சிங், ஒன்றரை வருடம் குழந்தைகள் வார்டு. வார்டுக்கு வரும் குழந்தையோடு ஒரு கேஸ் ஷீட்டும் வரும். என்ன நோய் என்று அதில் யாராவது எழுதியிருப்பார்கள். சந்தேகம் வந்தால் பத்தடி தள்ளி டாக்டர் இருப்பார். பள்ளிக்கு வரும் குழந்தையிடம் தண்ணீர் பாட்டிலும் லஞ்ச் பையும்தான் இருக்கும். கூட வந்த அம்மா வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மணி அடிப்பதற்குள் போகலாமா கூடாதா என்று சொல்லியாக வேண்டும். வார்டில் ஒன்றரை வருடத்தில் நான் ஒருமுறைகூட அப்படித் தனியாக முடிவெடுத்தது கிடையாது. பள்ளியில் முதல் வாரத்திலேயே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து எடுத்தேன்.

எங்கள் நடைமுறை இதுதான். இரண்டு நாளுக்கு மேல் வராத குழந்தை முதலில் சிக் ரூமுக்கு வர வேண்டும். வெப்பநிலை பார்ப்பேன். தொண்டை, தோல், கண் பார்ப்பேன். கடைசியாக எப்போது மாத்திரை கொடுத்தார்கள் என்று கேட்பேன். சரியென்றால் ஒரு சீட்டு. அந்தச் சீட்டு இல்லாமல் வகுப்பாசிரியர் உட்கார விடமாட்டார்.

பொய்களும் வரிசையில் வரும். அதிகமாக வருவது, காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்புவது. எட்டு மணிக்கு 98 இருக்கும்; பதினொன்றரைக்கு 102. அதற்கு எனக்கு ஒரு வழி இருந்தது.

“மருந்து கொடுத்தீங்களா?”

“இல்லவே இல்ல சிஸ்டர்.”

“நாக்கை நீட்டு கண்ணா.”

மருந்து சிரப்பின் சாயம் ஒட்டி நாக்கு அடர் ரோஸ் நிறத்தில் இருக்கும். அம்மா வேறு பக்கம் பார்ப்பார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத காலை எப்படியிருக்கும் என்று தெரியும்.

இரண்டாவது, பொய் இல்லை, நம்பிக்கை. “தலைக்கு ஊத்திட்டேன் சிஸ்டர்.” எங்கள் பக்கத்து வீடுகளில் நோய் முடிந்தது என்பதற்கு அதுதான் சான்றிதழ். அம்மை போட்டால் கணக்கு வைத்து மூன்று தண்ணீர் ஊற்றுவார்கள். காய்ச்சல் என்றால் விட்டதும் ஒரு தண்ணீர். தலைக்கு ஊற்றாத வரை குழந்தை நோயாளி. ஊற்றிவிட்டால் நோயாளி இல்லை. இந்துக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம் என்ற வித்தியாசமே இதில் கிடையாது. நானும் என் வீட்டில் அப்படித்தான் வளர்ந்தேன். அதனால் அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குள்ளும் ஏதோ ஒன்று நிம்மதியாகிவிடும். அப்படி ஆகிறது என்பது எனக்கே அப்போது தெரியாது.

எங்கள் துணை முதல்வர் எஸ்தர் மிஸ். சிக் ரூம் அவர் பொறுப்பு. பதினொரு வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தினமும் ஒன்பது மணிக்கு வந்து, நின்றபடியே, முந்தின நாள் பதிவேட்டை வரிவரியாகப் படிப்பார். படிக்கும்போது வரிக்கு அடியில் ஒரு ஸ்கேல் நகர்ந்துகொண்டே வரும். திடீரென்று நிற்கும்.

“‘லேசான காய்ச்சல்’. லேசுன்னா எவ்வளவு சிஸ்டர்?”

“99.6 மிஸ்.”

“அதை எழுதுங்க. லேசு, கொஞ்சம், பரவாயில்லை, இதெல்லாம் நாம வீட்ல பேசிக்கலாம்.”

அடித்தல் கூடாது. வெள்ளை மை கூடாது. தவறு என்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, நேரம். குழந்தையை வெளியே அனுப்புவதில் இன்னும் கடுமை. பெற்றோரோ, அவர்கள் படம் ஒட்டிக் கொடுத்த அட்டையில் இருப்பவரோ நேரில் வர வேண்டும். நான் சேர்வதற்கு முன்பு ஒரு குழந்தையை, சித்தப்பா என்று சொல்லி வந்தவரோடு அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் பிரிந்து வழக்கு நடந்துகொண்டிருந்த குடும்பம். குழந்தை கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளைப் பற்றி எஸ்தர் மிஸ் பேசியதில்லை. விதியை மட்டும் எழுதி வாசலில் ஒட்டினார்.

இனி, சில வருடங்களுக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை.

அக்டோபர் மழை பெய்து ஓய்ந்து, தெருவெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்த வாரம். வெள்ளிக்கிழமை காலை எங்கள் பள்ளியில் பாதிப் பெண் குழந்தைகள் ஈரத்தலையோடுதான் வருவார்கள். சட்டைக் காலரில் தண்ணீர் சொட்டும். எனக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஐந்தாவது தன்யா. இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, ரிப்பன் நனைந்திருந்தது.

“திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சது சிஸ்டர். நேத்து சாயங்காலம் சுத்தமா விட்டுடுச்சு,” என்றார் ரேவதி. உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சாம்பல் நிறச் சீருடைச் சட்டையில் வந்திருந்தார். “டாக்டர்கிட்ட புதன்கிழமை காமிச்சோம். வியாழக்கிழமை சாயங்காலமும் காய்ச்சல் இருந்தா பிளட் டெஸ்ட் எடுங்கன்னாரு. அதுக்குள்ள விட்டுடுச்சு. காலைல தலைக்கு ஊத்திட்டேன்.”

நான் தன்யாவின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

“கை ஜில்லுன்னு இருக்கே?”

“இப்பதான் குளிச்சா. ஸ்கூட்டில வேற வந்தோம், காத்து.”

“சாப்பிட்டாளா?”

“ரெண்டு வாய் இட்லி. வாய் கசக்குதாம்.”

காய்ச்சல் விட்டால் வாய் கசக்கும். குளித்தால் கை ஜில்லென்று இருக்கும். தெர்மாமீட்டர் 98.0 என்றது. நாக்கு ரோஸாக இல்லை. மருந்து கொடுத்து மறைக்கவில்லை, காய்ச்சல் உண்மையாகவே விட்டிருக்கிறது. நான் சொல்வதற்கு முன்பே தன்யா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அதைக் கவனித்தேன். எழுதவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றார்கள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

“தேங்க்ஸ் சிஸ்டர், மூணு நாள் லீவு போட்டாச்சு, இன்னிக்கும் போகலன்னா சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்க முடியாது,” என்று சொல்லிக்கொண்டே ரேவதி ஓடினார். மொத்தம் நான்கு நிமிடம்.

பத்து இருபதுக்கு ஆயா கஸ்தூரி அக்கா அவளைத் தோளில் சாய்த்தபடி கூட்டி வந்தார்.

“சிஸ்டர், இந்தப் பாப்பா டெஸ்ட் எழுதச்சொல்லோ பேனாவ வச்சுட்டுப் படுத்துகினு கீது. வயிறு நோவுதாம். மிஸ்ஸு இட்டுனு போகச் சொன்னாங்க.”

“என்ன டெஸ்ட்?”

“கணக்கு.” கஸ்தூரி அக்கா கண்ணடித்தார். “எனக்கும் அந்தக் காலத்துல கணக்குன்னா வயிறு நோவும்.”

நானும் சிரித்தேன். கணக்கு டெஸ்ட் வயிற்றுவலிகளை வருடத்துக்கு நூறு பார்த்திருக்கிறேன். படுக்க வைத்துத் தெர்மாமீட்டர் வைத்தேன். 97.4. வலது பக்கம் விலா எலும்புக்குக் கீழே தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். சத்தம் போடவில்லை. தலையணையில் உறுத்துகிறது என்று கஸ்தூரி அக்கா அவள் சடையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“காலைல சொட்டச் சொட்ட வந்துச்சு, இப்ப முடி நல்லா காஞ்சிடுச்சு. கை மட்டும் இன்னும் ஐஸு மாரியே கீது. இன்னா சிஸ்டர் இது?”

என் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

இரண்டு மணி நேரம். மின்விசிறிகூட ஓடாத மழைநாள் வகுப்பறை. அடர்த்தியான முடி வேர்வரை காய்ந்துவிட்டது. கை காயவில்லை என்று சொல்ல முடியாது. கையில் ஈரமே இல்லை. கை வெறுமனே குளிர்ந்திருந்தது. காலைத் தொட்டேன். ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டேன். அதுவும் அப்படியே. எட்டு மணிக்கு நான் தொட்டதும் இதேதான். குளியல் என்று நானே அதற்குக் காரணம் கொடுத்துவிட்டேன்.

டெங்குவில் காய்ச்சல் இருக்கும் நாட்களைவிட, காய்ச்சல் விடும் நாள் ஆபத்தானது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிப்பது அப்போதுதான். குழந்தை ஆறிவிட்டதுபோலத் தெரியும். உள்ளே ரத்த ஓட்டம் குறைந்துகொண்டு வரும். உடம்பு முதலில் கைகால்களைக் கைவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வார்டில் பார்த்துமிருக்கிறேன். ஆனால் அங்கே “டெங்கு” என்று மேலே எழுதி வந்தது. இங்கே “தலைக்கு ஊத்திட்டேன்” என்று வந்தது.

விரல் நகத்தை அழுத்திவிட்டேன். வெளுத்தது. மனத்துக்குள் எண்ணினேன். ஐந்து வரை எண்ணிய பிறகுதான் சிவப்பு திரும்பியது. இரண்டுக்குள் திரும்ப வேண்டும். நாடி 138, நூல் போல. குழந்தைகளுக்கான சின்னப் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன்: 92/78. மேல் எண் பயமுறுத்தவில்லை. இரண்டுக்கும் இடையில் இருபதாவது இருக்க வேண்டும், பதினான்குதான் இருந்தது. பட்டையைக் கழற்றி மறுபடி கட்டினேன். 92/80.

“தன்யா, காலைல பாத்ரூம் போனியா? யூரின்?”

யோசித்தாள். “நேத்து நைட்டு போனேன்.”

“காலைல?”

“வரல சிஸ்டர்.” பிறகு, “டெஸ்ட்டை மிஸ் எடுத்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

ரேவதியின் போன் அணைத்திருந்தது. தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கென்று அட்டையில் எழுதியிருந்த ஷிஃப்ட் ஆபீஸ் எண்ணை கஸ்தூரி அக்காவிடம் கொடுத்து, யாராவது எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். அப்பாவை நான் அழைத்தேன். அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. மாதம் இருமுறை வருவார்.

“காய்ச்சல் நேத்தே விட்டுடுச்சே மேடம். இப்ப எவ்வளவு?”

“97.4 சார். ஆனா…”

“நார்மலைவிடக் கம்மி. இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட்டா?”

“ஆமா சார், ஆனா ரத்த அழுத்தம்…”

“அவளுக்கு அது வழக்கம்தான் மேடம். கொஞ்சம் படுக்க வைங்க. ரேவதி சாயங்காலம் வந்து பார்த்துக்கட்டும். நீங்க பாட்டுக்கு எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க, நான் அவகிட்ட பேசிட்டுச் சொல்றேன்.”

அவர் சொன்னதில் அலட்சியம் எதுவும் இல்லை. எட்டு மணிக்கு நான் நினைத்ததைத்தான் பத்து நாற்பதுக்கு அவரும் நினைத்தார்.

எஸ்தர் மிஸ் உள்ளே வந்தபோது போன் இன்னும் என் கையில் இருந்தது. குழந்தையைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார்.

“காய்ச்சல் எவ்வளவு?”

“97.4 மிஸ்.”

“வாந்தி?”

“இல்லை.”

“மயக்கம்?”

“பேசறா.”

“அப்பா என்ன சொல்றார்?”

“அம்மா வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்றார். மிஸ், இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். டெங்கு ஷாக்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“ரத்தம் பார்க்காம தெரியாது.”

“காலைல நீங்கதான் வகுப்புக்கு அனுப்பியிருக்கீங்க.” ஸ்கேல் அந்த வரிக்குக் கீழே நின்றது. “பெத்தவங்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. யாரும் வராம குழந்தையை வெளியே அனுப்ப முடியாது சிஸ்டர். உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அந்த விதி ஏன் வந்தது என்பதும் தெரியும். வாதாடினால் நேரம்தான் போகும்.

“உங்க விரலைக் கொடுங்க மிஸ்.”

அவர் புரியாமல் பார்த்தார். கொடுத்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டேன். வெளுத்து, உடனே சிவந்தது.

“இப்ப இதை எண்ணுங்க.” தன்யாவின் நகத்தை அழுத்தினேன்.

எஸ்தர் மிஸ் மெதுவான குரலில் எண்ணினார். “ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.” நிறுத்தி என்னைப் பார்த்தார். “அஞ்சு.”

கஸ்தூரி அக்கா மறுபடி மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

“காய்ச்சலே இல்லையே சிஸ்டர்.”

“அதான் மிஸ் பயமா இருக்கு.”

“எவ்வளவு நேரம் தாங்கும்?”

“சொல்ல முடியாது. இங்கேர்ந்து குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு வேன்ல இருபது நிமிஷம். ஆம்புலன்ஸ் இங்க வர்றதுக்குள்ள நாம அங்க போயிடலாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இங்க வச்சிருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.”

அவர் என் கையிலிருந்து போனை வாங்கி அப்பாவின் எண்ணை அழுத்தினார்.

“சார், துணை முதல்வர் பேசறேன். உங்க பொண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். இல்ல சார். நான் அனுமதி கேக்கல, தகவல் சொல்றேன். என் பேர் எஸ்தர். முடிவு என்னுது. எழுதி வச்சுக்கங்க.”

வைத்துவிட்டு, என் பேனாவை எடுத்து, பதிவேட்டில் 10.49 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடைமுறைப்படி அது என் பக்கம். அவர் எழுதக் கூடாது. அந்தப் பதினொரு வருடத்தில் அவர் மீறியதாக நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வேன் ஓட்டுநர் செல்வம் அண்ணா வாசலிலேயே இருந்தார். தன்யாவை என் மடியில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புசர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே வண்டிகள் நின்றுவிட்டன. பஸ், லாரி, நடுவில் மாநகராட்சிக் குப்பை வண்டி. செல்வம் அண்ணா ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“யோவ், குழந்தை கீது உள்ள! கொஞ்சம் ஒதுங்குயா! உன் வூட்ல குழந்தை இல்ல?”

ஒதுங்கினார்கள். சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டும்போது தன்யா பேச்சை நிறுத்திவிட்டாள். எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லு என்றேன். எண்ணாறு நாற்பத்தெட்டு வரை சொன்னாள். எண்ணேழுக்குப் பதில் இல்லை. கண் திறந்திருந்தது. நாடியைப் பிடித்தபடியே இருந்தேன். விட்டால் திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா என்று பயம்.

அவசரப் பிரிவில் இளம் பெண் டாக்டர். நான் சொன்ன எண்களைக் கேட்டதும் வேறெதுவும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள். நரம்பு கிடைக்க மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. மூன்றாவது முறை தன்யா அழுதாள். அந்த அழுகை எனக்கு நிம்மதியாக இருந்தது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார். சரியாக அந்த நேரத்தில் லிஃப்ட் திறந்து ரேவதி ஓடி வந்தார். கஸ்தூரி அக்காவின் போன் எப்படியோ ஷிஃப்ட் ஆபீசில் ஒருவரை எட்டியிருந்தது. அவர் டீ பிரேக்கில் சொல்கிறேன் என்றிருக்கிறார். “டீ பிரேக்கா? யோவ், நான் அங்க வந்தா நீ டீயே குடிக்க மாட்ட!” என்று அக்கா கத்திய பிறகுதான் லைனை நிறுத்தி ரேவதியை அனுப்பினார்களாம்.

“கைகால் எப்பலேர்ந்து ஜில்லுன்னு இருக்கு?” டாக்டர் என்னிடம் கேட்டார்.

பத்து இருபது என்று சொல்லியிருக்கலாம். பதிவேட்டில் அதுதான் இருந்தது. எட்டு மணிக்கு நான் தொட்டது எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ரத்த ஓட்டம் குறைந்திருந்த குழந்தைக்கும் ஒரு மணி நேரம் குறைந்திருந்த குழந்தைக்கும் செய்ய வேண்டியது ஒன்றாக இருக்காது. ரேவதி என் பக்கத்தில் நின்றார்.

“எட்டு பத்துக்கே ஜில்லுன்னு இருந்தது டாக்டர். குளிச்சதால்னு நினைச்சுட்டேன்.”

டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரேவதி போகவில்லை.

“எட்டு மணிக்கேயா?”

“ஆமாங்க.”

“நீங்கதானே தொட்டுப் பார்த்தீங்க. நீங்கதானே போகலாம்னீங்க. நான் உங்களை நம்பித்தானே பஸ் ஏறினேன்.”

“ஆமாங்க.”

அவர் என்னை அடித்திருந்தாலும் நின்றிருப்பேன். அடிக்கவில்லை. சுவரோடு இருந்த நாற்காலியில் உட்கார்ந்து சீருடைத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அதே நிலையில் கேட்டார்:

“நான் தலைக்கு ஊத்தினதாலதான் இப்படி ஆச்சா? எங்க மாமியார் போன்ல அப்படித்தான் சொல்றாங்க. முழுசா விடறதுக்குள்ள ஊத்திட்டியேடின்னு.”

“இல்லைங்க. தண்ணியால எதுவும் ஆகாது. ஊத்தலன்னாலும் இன்னிக்கு இதுதான் நடந்திருக்கும். அது என் கண்ணைத்தான் மறைச்சுது. நீங்க எந்தத் தப்பும் பண்ணல.”

“உண்மையாவா?”

“எழுதித் தரட்டுமா?”

நான் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தேன். வகுப்புக்குப் போகலாம் என்று காலையில் கிழித்துக் கொடுத்த அதே கட்டு. பின்பக்கத்தில், தலைக்கு ஊற்றியதால் நோய் அதிகமாகவில்லை என்று எழுதி, பெயர், படிப்பு, பதிவெண், நேரம் போட்டுக் கொடுத்தேன். மாமியாரிடம் காட்டத்தான். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பரிசோதனையில் டெங்கு உறுதியானது. தன்யா மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். முதல் நாள் இரவு என்ன ஆகுமென்று யாராலும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் தயிர்சாதம் கேட்டாள். மொத்தம் ஏழு நாளில் வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பதிவேட்டின் முன் உட்கார்ந்தேன். 8.14 வரியின் ஓரத்தில் “கை குளிர்ந்திருந்தது” என்று இரண்டு சொல் சேர்க்க இடம் இருந்தது. எஸ்தர் மிஸ் ஸ்கேலோடு வந்தார்.

“அங்க எழுதாதீங்க. வெள்ளிக்கிழமை நீங்க அதை எழுதல. இன்னிக்குத் தேதி போட்டுப் புது வரியில எழுதுங்க. எதைப் பார்த்தீங்க, ஏன் எழுதல, ரெண்டும்.”

எழுதினேன். அவர் படித்தார். எந்தச் சொல்லையும் சுழிக்கவில்லை. அடியில் அவரும் கையெழுத்துப் போட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டபோது அந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தார். என்னை வேலையில் வைத்திருந்தார்கள். அதன்பின் காய்ச்சல் விட்டு வரும் குழந்தைகளுக்கு மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்டேன்: கைகால் குளிர்ந்திருக்கிறதா, வயிறு வலிக்கிறதா, காலையில் சிறுநீர் போனதா. தலை ஈரமாக இருந்தால் சீட்டு கிடையாது. முடி காயும்வரை சிக் ரூமில் உட்கார வேண்டும், பிறகு மறுபடி தொட்டுப் பார்ப்பேன். “சிஸ்டர் பியூட்டி பார்லர் வச்சிருக்காங்க” என்று ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களில் இன்னும் இரண்டு குழந்தைகளை அப்படிக் கண்டுபிடித்துப் பெற்றோரோடு அனுப்பினேன். இருவரும் நடந்தே ஆஸ்பத்திரிக்குள் போனார்கள்.

அடுத்த ஜூனில் தன்யாவை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். சான்றிதழ் வாங்க ரேவதி வந்தபோது வராந்தாவில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் காரணம் கேட்கவில்லை.

ஹேமாவுக்கு இதையெல்லாம் எழுதி, ஒரு நகலை எஸ்தர் மிஸ்ஸுக்கும் அனுப்பினேன். அவர் இந்த மூன்று கேள்விகளையும் ஆப்பில் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்.

இப்போதைய நிலை இது. முதல் இரண்டு கேள்விகளைச் சேர்த்துவிட்டார்கள். சிறுநீர் பற்றிய கேள்வி பெற்றோருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதையும் சேர்க்கச் சொல்லி எஸ்தர் மிஸ் எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. காய்ச்சல் விடுப்பு முடிந்து வரும் ஒவ்வொரு குழந்தையையும், பச்சை எரிந்தாலும், ஹேமா வாசலில் நிறுத்தி மூன்றையும் வாயால் கேட்கிறாள்.